நாற்பத்தொன்றாம் பெப்டைடும் அம்மாவின் தோலும்

ஜனவரி 20, திங்கள்

ஆறாத புண்ணுக்கான மருந்து ஆய்வுக்கு எழுபது தாண்டியவர்களின் தோல் வேண்டும் என்று ஆய்வுக்கூடத்தில் தேடிக்கொண்டிருந்தோம். அம்மாவே பேர் கொடுத்துவிட்டாள். வயது எழுபத்தாறு. முப்பது வருஷம் தொலைபேசி இணைப்பகத்தில் வேலை பார்த்தவள், வாய்க்குப் பூட்டே கிடையாது. மரத்துப்போக ஊசி போட்டு, மேல்கையின் உட்புறத்தில் பயறளவு வெட்டி எடுத்தார் டாக்டர்.

"சுருக்கத்தையும் சேத்தே எடுத்துக்கோங்க டாக்டர், திருப்பித் தர வேண்டாம்."

மார்ச் 3, திங்கள்

அந்தத் துணுக்கிலிருந்து செல்கள் ஊர்ந்து வந்து தட்டின் அடியில் பரவிவிட்டன. ஆனால் களைத்துப்போனவை. அகலமாகப் படுத்துக்கொண்டு, அசைய மாட்டேன் என்கின்றன.

இன்று இரண்டு தட்டுகளில் நடுவே ஒரு கோடு கீறினேன், காயம் மாதிரி. ஒன்றில் வெறும் ஊட்டத் திரவம். மற்றதில் எங்கள் நாற்பத்தொன்று: பதினோரு அமினோ அமிலங்களை மணி கோப்பது போலக் கோத்து நாங்களே செய்த பெப்டைடு. இதற்கு முந்தைய நாற்பதும் ஒன்றுக்கும் ஆகவில்லை.

மார்ச் 4

மூடிவிட்டது.

மார்ச் 5

நேற்று அதற்கு மேல் எழுத ஓடவில்லை. வெறும் திரவம் ஊற்றிய தட்டில் கோடு அப்படியே இருக்கிறது. மற்றதில் கோட்டையே காணோம்! எங்கே கீறினேன் என்று தேட வேண்டியிருந்தது. இரண்டு கரையிலிருந்தும் செல்கள் நீண்டு வந்து, ஒன்றையொன்று தொட்டு — பத்தொன்பது வருஷ வேலையில் இப்படிப் பார்த்ததில்லை.

கூடத்தின் தலைவி மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி குனிந்தார். "இன்னும் மூணு தடவை பண்ணு. எது எந்தத் தட்டுன்னு உனக்கே தெரியக் கூடாது. அதுவரைக்கும் வெளியே மூச்சு விடாதே."

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

மார்ச் 28

மூன்று தடவையும் மூடியது. அந்தச் செல்கள் நகரவும் காயம் மூடவும் மறக்கவில்லை. யாராவது கூப்பிட வேண்டியிருந்தது, அவ்வளவுதானா? கரைப்பதற்கு முன் சிட்டிகை உப்பு மாதிரி இருக்கும் இந்தப் பெப்டைடுப் பொடிக்கு இவ்வளவு எப்படித் தெரியும்?

ஏப்ரல் 11

போன மாதம் கட்டிலில் இடித்துக்கொண்ட அம்மாவின் கால் புண் ஆறவே இல்லை. சர்க்கரை வேறு. ஓரம் கறுக்கிறது. "ரெண்டு வாரம் பாப்போம். எலும்பு வரைக்கும் போயிட்டா, காலைப் பத்திப் பேச வேண்டியிருக்கும்" என்றார் சர்ஜன்.

காலைப் பத்தி!

அம்மா விடவில்லை. "என் செல்லுதானே அந்த மருந்துக்கு எந்திரிச்சு ஓடுது? அதையே இதுல ஊத்தேன்."

"எலிக்குக்கூட இன்னும் போட்டுப் பாக்கலைம்மா."

"எலிக்கு என்னடி அவசரம்?"

ஏப்ரல் 14

எடுத்து வந்துவிட்டேன். ஐஸ் போட்ட ஃபிளாஸ்கில் நாற்பத்தொன்று ஒரு குப்பி. திருட்டுதான், வேறென்ன. கட்டைப் பிரித்து, காலை என் மடியில் வைத்துக்கொண்டேன். அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், கொஞ்சம்கூட சந்தேகமில்லாத பார்வை. கை அங்கேயே நின்றுவிட்டது. தட்டு கெட்டுப்போனால் கொட்டிவிட்டு வேறு எடுப்பேன். இவளை என்ன செய்வேன்?

"போட மாட்டியா?"

"மாட்டேன்மா."

முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஏப்ரல் 15

குப்பியைத் திருப்பி வைத்துவிட்டு மேடத்திடம் உண்மையைச் சொன்னேன். வேலை போயிற்று என்றே நினைத்தேன். காது கூசத் திட்டினார். பிறகு, "அம்மா கால் எப்படி இருக்கு?" என்றார்.

ஏப்ரல் 29

நாற்பத்தொன்று ஊற்றி நெடுநாள் வைத்திருந்த தட்டுகளை இன்று பார்த்தோம். கோடு மூடியதும் செல்கள் நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் குவிந்து கிடக்கின்றன.

"கேன்சர் பக்கம் போகுதான்னு பாக்கணும்" என்றார் மேடம், மெதுவாக.

கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். பதினஞ்சே நாள். அன்னிக்கு மட்டும் கை நிக்காம இருந்திருந்தா? பதினோரே மணிகள்... எவ்வளவு பெரிய கதவைத் தட்டிவிட்டு ஒன்றும் தெரியாமல் நின்றிருக்கிறோம்.

மே 9

சர்ஜன் கறுத்த சதையை வெட்டி எடுத்ததிலிருந்து நர்ஸ் தினமும் வந்து கட்டுகிறார். சர்க்கரையும் இறங்கிவிட்டது. இன்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். "பாருங்கக்கா, அடியில நல்ல சிவப்பு வந்திருக்கு." மணல் மணலாக, ஈரமாக, உயிருள்ள சிவப்பு. நுண்ணோக்கியே வேண்டியிருக்கவில்லை.

ஜூன் 20

ஒரே ஒரு மணியை மாற்றி நாற்பத்திரண்டு செய்தோம். கோடு மெதுவாக மூடுகிறது, மூடியதும் செல்கள் நிற்கின்றன. இரண்டே தட்டுகள், அதனால் இப்போது எதுவும் சொல்ல முடியாது. எலிகளுக்கே இன்னும் ஒரு வருஷம் ஆகும்.

பார்த்தே தீருவேன் என்று அம்மா இன்று ஆய்வுக்கூடத்துக்கு வந்தாள். நுண்ணோக்கியில் குனிந்தவள் நிமிரவில்லை. ஐந்து நிமிஷம் அம்மா பேசாமல் இருந்து நான் கண்டதே இல்லை.

"இதெல்லாம் நானா?"

"நீதான்மா."

"எழுபத்தாறு வருஷமா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம வேலை பாத்திருக்குதுங்களே!"

இறங்கும்போது கை கொடுத்தேன். வேண்டாம் என்று எனக்கு முன்னால் படியிறங்கிப் போனாள்.