எட்டாவது போல்ட்

மலாக்கா, 12-3-1951

அன்புள்ள அமிர்தத்துக்கு,

நான் சுகம். உன் முதுகுவலி தேவலையா? அம்மா நன்றாகச் சாப்பிடுகிறார்களா?

எஸ்டேட்டின் பழைய பிக்கப்பைச் சரிசெய்கிறேன். போன வருடம் காட்டுக்காரர்கள், அதுதான் காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகள், சுட்டு அதில்தான் டிரைவர் மாரிமுத்து இறந்தார். பயப்படாதே, இப்போது அமைதிதான். நோயாளிகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேறு வண்டி இல்லை.

குண்டு துளைத்த மரப் பின்தொட்டியைக் கழற்றத் தொடங்கினேன். ஏழு போல்ட் வந்தன. எட்டாவது துருவேறி மூன்று நாளாக அசையவில்லை. இன்று மாரிமுத்துவின் மனைவி செல்லாயி அக்கா ரப்பர் பால்வாளியை வைத்துவிட்டு வந்தார்.

"தள்ளு தம்பி, நானும் புடிக்கிறேன் லா. எம் மவ நெறமாசமா இருக்கா."

ஸ்பேனரில் இருவரும் தொங்கினோம். போல்ட் முறிந்து தொட்டி இறங்கியது. அக்கா அதைத் தடவி அழுதார். பிறகு, "புதுப் பலகை எப்பப் போடுவே?" என்றார். வெள்ளிக்குள் போட்டே தீருவேன்.

மிளகாய்த்தூள் அனுப்பு. பொட்டலத்தின் மேல் முகவரியை நீயே எழுது, எழுத்து கோணலானாலும் பரவாயில்லை.

ஊரடங்குச் சங்கு ஊதிவிட்டது.

உன்
தனபாலன்