நடுவில் எரியும் சிவப்பு பல்பு

அனுப்புநர்:
விஞ்ஞானியின் தாயார்,
மாடிப்படிக்குக் கீழே உள்ள தையல் கடை,
கடைத் தெரு.

பெறுநர்:
உயர்திரு இயக்குநர் அவர்கள்,
அறிவியல் அருங்காட்சியகம்.

பொருள்: விண்வெளிக் கூடத்து மைக்ரோகுவாசர் மாதிரியில் பல்பு தவறான இடத்தில் இருப்பது – திங்கட்கிழமை திறப்பு விழாவுக்கு முன் சரிசெய்யக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. விழாவில் அந்த மாதிரியின் அருகில் நின்று பள்ளிப் பிள்ளைகளுக்கு விளக்கம் தரத் தாங்கள் அழைத்திருக்கும் விஞ்ஞானி, நான் பெற்ற பெண். இதைப் பணிவுடனும், மறைக்க முடியாத பெருமையுடனும் தெரிவித்துக்கொள்கிறேன்.

2. மைக்ரோகுவாசர் என்பது பக்கத்து நட்சத்திரத்தை உறிஞ்சும் கருந்துளை என்றும், உறிஞ்சியதில் ஒரு பங்கை இரண்டு பக்கமும் தாரையாகப் பீய்ச்சி அடிக்கும் என்றும் என் மகள் சொல்லித் தெரிந்துகொண்டேன். அதிலிருந்து காமா கதிர் வருகிறதா என்று அவளுடைய குழுவினர் நடுவிலேயே தேடினார்கள். ஓரங்களில் மங்கலாகத் தெரிந்ததை வேறு ஏதோ என்று ஒதுக்கிவிட்டார்கள். தாரை போய் முட்டும் அந்த ஓரங்களைப் பார்க்கலாம் என்றாள் என் மகள். "ஆள் இங்க இருக்கு, நீ பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுறியே" என்று கூட்டத்தில் சிரித்தார்களாம். அவள் தட்டினாள், நடுவில் கிடைக்காத காமா கதிர் இரண்டு ஓரத்திலும் இருந்தது. இன்றைக்கும் அவள் "தாரையிலிருந்து வந்திருக்கலாம்மா" என்பதோடு நிறுத்திக்கொள்வாள். பெற்றவளுக்கு அந்த அடக்கம் வரவில்லை, மன்னிக்கவும்.

3. கூடத்துக்குத் திரைச்சீலை தைத்துக் கொண்டுவந்தபோது மாதிரியைப் பார்த்தேன். 'காமா கதிர்' என்று எழுதிய சிவப்பு பல்பு நடுவில், கருந்துளையிலேயே எரிகிறது. தாரைகளின் முனைகள் இருட்டாக இருக்கின்றன. பொறுப்பாளரிடம் சொன்னேன். "நடுவுல இருந்தாதாம்மா பார்க்க எடுப்பா இருக்கும்" என்றார்.

4. வீட்டில் சொன்னதற்கு, "விடும்மா, பல்புதானே" என்றாள் மகள். ஆனால் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய்விட்டாள். சிரித்தவர்கள் சொன்னதே சரி என்று காட்டும் பல்புக்குப் பக்கத்தில் நின்று, பிள்ளைகளிடம் அவள் என்னவென்று பேசுவாள்?

5. ஆகவே, நடுவில் இருக்கும் பல்பைக் கழற்றி, இரண்டு முனைகளிலும் பல்பு மாட்ட உத்தரவிடுமாறு வேண்டுகிறேன். பல்புக்காகத் தாங்கள் அலைய வேண்டியதில்லை. திங்கட்கிழமை முன்வரிசையில் இருப்பேன். என் மகள் கை நீட்டிக் காட்டும் இடத்தில் வெளிச்சம் இருக்க வேண்டும் ஐயா.

இடம்: தையல் கடை
நாள்: வெள்ளிக்கிழமை

இப்படிக்கு,
தங்கள் நடவடிக்கையை நம்பியிருக்கும் தாய்
(கையொப்பம்)

இணைப்பு: சிவப்பு பல்பு இரண்டு. எரியவிட்டுப் பார்த்துத்தான் அனுப்பியிருக்கிறேன்.