வாசல் மண்ணுக்கு ஒரு படர்செடி

ஜூன் 3
வாசலில் புல் வராது. மரநிழல். மழை பெய்தால் வெறும் மண் வழுக்கும். அப்படித்தான் போன மாதம் என் மனைவி விழுந்தாள், இடுப்பெலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. நடக்கலாம் என்கிறார் டாக்டர். அவள்தான் கட்டிலை விட்டு இறங்குவதாக இல்லை. வாக்கரில் என் துண்டு காய்கிறது.
மண்ணை மூட ஏதாவது படர்செடி வைக்க வேண்டும். தோட்டம் அவள் இலாகா. எனக்கு ரோஜாவை அடையாளம் தெரியும், பூ இருந்தால்.

ஜூன் 5
நர்சரிக்காரர் கேட்டார்: "நிழலா, வெயிலாண்ணே? மேல மிதிப்பீங்களா?" பெண் பார்க்கப் போனபோதுகூட என்னை இத்தனை கேள்வி கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து அவளிடம் கேட்டேன்.
"எதையாவது வைங்க. நானா அங்க நடக்கப் போறேன்?"
சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள்.

ஜூன் 6
ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

ஜூன் 9
மகள் போனில்: "அம்மாகிட்ட கெஞ்சாதீங்கப்பா. இன்னும் முறுக்கிக்குவாங்க."
நான் எங்கே கெஞ்சினேன்? காலையில் கொஞ்சம்.

ஜூன் 12
மஞ்சள் பூப் பூக்கும் கொடி ஒன்றை நட்டேன். மளமளவென்று படருமாம்.

ஜூலை 20
படர்ந்தது. படியேறி, வேலி தாண்டி, பக்கத்து வீட்டுக்கும் போய்விட்டது. அவளிடம் சொன்னேன்.
"மஞ்சப் பூவா? இலை சொரசொரன்னு இருக்கா?"
"ஆமா."
"அய்யோ, அதையா வச்சீங்க! என் கனகாம்பரத்தையெல்லாம் அமுக்கிடுமே!"
நம் வீட்டில் கனகாம்பரம் இருக்கிறதா?
கால்களைக் கீழே தொங்கப்போட்டாள். நான் ஏதாவது சொல்லப்போய் மறுபடி படுத்துவிட்டால்? சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். வாசற்படிவரை வந்தாள். அங்கே நின்று என்னைத் திட்டினாள், நிறுத்தி நிதானமாக.
படுக்கும்போது, "வலிக்குது" என்றாள். பிறகு, "நாளைக்கு மொதல்ல அதப் புடுங்குங்க."

செப்டம்பர் 2
நடக்கிற இடத்துக்குச் சொரசொரப்பான கல். இடையில் வல்லாரை. நிழலுக்கு அதுதான் சரி என்று அவள் தேர்ந்தெடுத்தது. நான் குழி தோண்டினேன். அவள் நாற்காலியில் இருந்து அதிகாரம்.
"நெருக்கி வைக்காதீங்க."
புரியவில்லை என்றேன். எழுந்து வந்து காட்டிவிட்டுப் போய் உட்கார்ந்தாள்.
அடுத்த கன்றுக்கும் புரியவில்லை என்றேன்.