கண்ணாவின் முகம் போட்ட தட்டு

மல்லேஸ்வரம்,
20-8-2000

சிரஞ்சீவி அஷ்வத்துக்கு அம்மாவின் ஆசீர்வாதம். நானும் அப்பாவும் சௌக்கியம் என்றுதான் எழுத வேண்டும், எழுதிவிட்டேன். அமெரிக்காவில் உனக்கு என்ன குறை, சௌக்கியமாகத்தான் இருப்பாய்.

சுதந்திர தினத்தன்று பீன்யாவில் ஒரு பீங்கான் கம்பெனிக்காரர்கள், கார்கில் சண்டையில் உயிரை விட்டவர்களின் முகத்தைத் தட்டில் அச்சிட்டு வீட்டாரைக் கூப்பிட்டு மேடையில் கொடுத்தார்கள். நம் கண்ணா யூனிபார்மில், சுற்றிலும் தங்க விளிம்பு. "மொதலு ஹெண்டதி பரலி" என்றான் மைக்கில் பேசினவன், பெண்டாட்டிதான் முதலில் வர வேண்டுமாம். உன் மன்னி அனன்யா எழுந்தாள். அவள் கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டு நான் போய் வாங்கிக்கொண்டேன். பெற்றவள் நான், பத்து மாதம் குடித்தனம் பண்ணினவளுக்கு என்ன தட்டு. ஜனங்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள், உன் அப்பா மட்டும் தலையைக் குனிந்துகொண்டார். நாட்டுக்கு ஒரு பிள்ளை, டாலருக்கு ஒரு பிள்ளை என்று பெற்றேன், யார் முகத்தைத் தட்டில் போடுவார்கள் என்று உனக்கே தெரியும்.

மறுநாள் அனன்யா வந்தாள். ஆபீசில் கூட வேலை பார்க்கும் ராஜேஷ்குமாரைக் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறாளாம். அப்பா "நன்னா இரும்மா" என்றார். "அந்தத் தட்ட ஒரு தடவ கையில வாங்கிப் பாத்துட்டுப் போறேம்மா" என்று கேட்டாள். "எதுக்கு, புது ஆம்படையானுக்கு இதுல சாதம் போடவா?" என்றேன். சேவிக்கக் குனிந்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் காலை இழுத்துக்கொண்டேன். அழட்டுமே, நான் அழவில்லையா.

செப்டம்பர் எட்டு, வெள்ளிக்கிழமை கல்யாணம். அவளுக்கு அப்பா இல்லை, நான்தான் தாரை வார்த்துக் கொடுக்கப் போகிறேன் என்கிறார் உன் அப்பா. கண்ணாவைப் பெற்றவரா பேசுவது என்று கேட்டேன். "ஆமா கோமளம், கண்ணாவோட அப்பாதான் பேசறேன்" என்றார். அன்றிலிருந்து அவருக்கு இந்த ஆத்தில் தளிகை இல்லை. ஓட்டலில் சாப்பிட்டு வயிறு கெட்டுக் கிடக்கிறார், கிடக்கட்டும். கல்யாணத்துக்கு அவர் படி இறங்கியதும் உள்தாழ்ப்பாள் போட்டுவிடுவேன்.

நீயும் அவளோடு போனில் பேசி ரொம்ப சந்தோஷம் என்றாயாம். இனிமேல் இந்த நம்பருக்குப் பண்ணாதே. கேட்பவர்களிடம் எனக்கு ஒரே பிள்ளை, அவனும் போய்விட்டான் என்று சொல்லிக்கொள்கிறேன். அங்கே குளிர் ஆரம்பித்துவிடும், மஃப்ளர் இல்லாமல் வெளியே போகாதே. சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக்கொள்ள மறக்காதே. பெருமாள் உன்னை நூறு வயசு வைத்திருக்கட்டும்.

இப்படிக்கு,
கண்ணாவின் அம்மா
கோமளம்