குறைத்துக் காட்டிய முள்

இன்று காலை கராஜ் முழுக்கப் புது ரயர் மணம். யாரோ ஒருவர் தன் பிக்கப் ட்ரக்கை உயர்த்திக் கட்டி, இடுப்பளவு ரயர் பூட்டிக் கொண்டுவந்திருந்தார். “அண்ணை, உது சரியாக் காஸ் குடிக்குது. குறைக்க ஏதும் வழி இருக்கோ?” என்று கேட்டார். பெற்றோல் செலவு பற்றி நீ கேட்ட அதே கேள்வி. நான் பின்கதவால் வெளியே போய்விட்டேன்.

நாம் இருவரும் ஒரே வகுப்பு. ஊரை விட்டு இந்தக் குளிர்நாட்டு நகரத்துக்கு வந்ததும் ஒரே வருடம். நான் வெக்ஸ்போர்டில் கராஜ் திறந்தேன். நீ பிக்கரிங்கில் வீடு வாங்கி, நகரத்தின் மறுகோடியில் இருந்த தொழிற்சாலைக்குத் தினமும் ஓடினாய். பள்ளிக்கூடத்தில் உன்னைக் ‘கட்டையன்’ என்று முதலில் கூப்பிட்டவன் நான். ஐம்பது வயது கடந்தும் அதை விடவில்லை. உன் பிள்ளைகளுக்கு முன்னாலும் அப்படித்தான் கூப்பிட்டேன்.

நீ உன் பிக்கப் ட்ரக்கை எங்கோ கொடுத்து ஆறு அங்குலம் உயர்த்தி, பெரிய ரயரும் பூட்டி, என்னிடம் காட்டக் கொண்டுவந்தாய். இறங்கும்போது உன் கால் நிலத்தைத் தேடியது. “ஏணியையும் சேத்து வித்தவங்களோ?” என்று கேட்டேன். என் வேலையாட்கள் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். “இதுக்குள்ளை இருந்தா ஒருத்தனும் என்னைக் குனிஞ்சு பாக்கேலாது, மச்சான்,” என்றாய். அதையும் பல நாள் சொல்லிக்காட்டிச் சிரித்தோம்.

இரண்டு மாதம் கழித்து முகம் வாடி வந்தாய். “தண்ணி மாதிரிக் குடிக்குது. குறைக்காட்டி வித்துப்போடச் சொல்லி மனிசி ஒற்றைக் காலிலை நிக்கிறா. நீதான் ஏதும் செய்யவேணும்.”

எனக்கு உடனே விளங்கியது. ரயர் பெரிதானால் ஒரு சுற்றில் வண்டி கூடத் தூரம் போகும். மீற்றருக்கு அது தெரியாது. பழைய ரயர் என்று நினைத்து, ஓடிய தூரத்தையும் வேகத்தையும் குறைத்தே காட்டும். தூரம் குறைந்தால் காஸ் கூடக் குடித்ததுபோலக் கணக்கு வரும். பெரிய ரயரால் உன் ட்ரக் கொஞ்சம் கூடக் குடித்தது உண்மைதான். ஆனால் நீ பயந்த அளவுக்கு இல்லை. முள் நூறு காட்டும்போது நீ நூற்றுப் பத்தைத் தாண்டியிருப்பாய். கம்ப்யூட்டரைச் செருகி ரயர் அளவை மாற்றினால் மீற்றர் சரியாகிவிடும், பத்து நிமிட வேலை.

நான் அதைச் செய்யவில்லை. “ட்ரக்கிலை பிழை இல்லை. பாரத்தைக் குறை, மெதுவா ஓடு,” என்று மட்டும் சொன்னேன். உன்னை அலையவிட்டுப் பார்க்க எனக்கு ஆசையாக இருந்தது.

ஒவ்வொரு சனிக்கிழமையும் வந்தாய். மேலே பூட்டிய பெரிய லைட்டைக் கழற்றியிருந்தாய். அடுத்த கிழமை கூரைக் கம்பிகள் போயின. பிறகு, காற்றைத் தடுக்கப் பின்பெட்டிக்கு மூடி போட்டாய். “இந்தக் கிழமை கொஞ்சம் நல்லம் போல கிடக்கு,” என்பாய். “சப்பாத்தையும் கழட்டிப்போட்டு ஓடு, கட்டையா,” என்பேன். நீ போனதும் அடுத்தது எதைக் கழற்றுவாய் என்று பேசிச் சிரிப்போம்.

தையில் மண்மூட்டைகளையும் இறக்கிவிட்டு வந்தாய். பனியில் பின்சில்லு வழுக்காமல் இருக்கப் பின்பெட்டியில் போடும் மூட்டைகள் அவை. வெறும் பெட்டியைப் பார்த்தேன். திருப்பி வைக்கச் சொல்லவில்லை. “இனி இறக்கிறதெண்டா நீதான் மிச்சம்,” என்றேன். அது நான் உன்னிடம் சொன்ன கடைசி வார்த்தை.

அடுத்த கிழமை, பனி கொட்டிய ஒரு காலை, வேலைக்குப் போகும் வழியில் ஹைவேயில் உன் ட்ரக் பின்பக்கம் வழுக்கி, சுழன்று, உருண்டது.

அந்தப் பனிக்கு வேகம் கூட என்று பொலிஸ் சொன்னதாம். மரணச் சடங்கில் உன் சொந்தக்காரர்கள் அதையே மென்றார்கள். “இந்த வயசிலை உவருக்கு உது தேவையோ? பறந்திருப்பார்.” உன் மனைவி சவப்பெட்டியைப் பிடித்தபடி, “அவர் வேகமா ஓடேல்லை! காஸ் மிச்சம் பிடிக்கவெண்டு முள்ளைப் பாத்துப் பாத்துத்தான் ஓடுறவர்,” என்று கத்தினார். ஒருவரும் நம்பவில்லை. அவர் சொன்னது உண்மை என்று தெரிந்த ஒரே ஆள் நான், பின்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு இருந்தேன்.

எட்டு மாதம் கழித்துத்தான் பிக்கரிங்குக்குப் போனேன். வாசலில் நின்றே எல்லாவற்றையும் சொன்னேன். உன் மனைவி அழவில்லை.

“நீங்கள் பகிடி பண்ணுறது அவருக்கு நல்லாத் தெரியும், அண்ணை. வேறை கராஜுக்குப் போங்கோவன் எண்டு நான் எத்தினை தரம் சொன்னனான். ‘அவன் என்னை நக்கலடிப்பான், ஆனா வேலையிலை பொய் சொல்ல மாட்டான்’ எண்டுதான் சொல்லுவார்.”

பிறகு என்னை நேராகப் பார்த்துக் கேட்டார்: “இப்ப எனக்குச் சொன்னதை, அவரைப் பழிக்கிற சொந்தக்காரருக்கும் சொல்லுவீங்களோ?”

“ஓம், தங்கச்சி,” என்றேன். கதவு மூடியது.

இன்னும் சொல்லவில்லை. உன் சொந்தக்காரர்கள் எண்ணெய் மாற்ற என்னிடம்தான் வருகிறார்கள். நீ பறந்து செத்தவன் என்று இப்போதும் கதைக்கிறார்கள். நான் வண்டிக்கு அடியில் படுத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். நீ என்னைப் பற்றிச் சொன்ன அந்த ஒரு வசனம் என் நெஞ்சில் ஏறி இருக்கிறது. அதை இறக்கி வைக்க இடம் இல்லை.