வடிகால் முடியும் இடம்வரை நடந்த வகுப்பு

டீச்சர்,

இன்று காலை இரண்டாம் பீரியடில் ஜன்னல் வழியாகச் சேற்று வாடை வந்தது. பள்ளிக்குப் பின்னால் வடிகாலைத் தூர் வாரிக் கரையில் கொட்டிக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். நான் ஜன்னலைச் சாத்தவில்லை. சேற்று வாடை வந்தால் உங்கள் ஞாபகம் வருகிறது என்று சொன்னால் நீங்கள் கோபித்துக்கொள்ள மாட்டீர்கள், சிரிப்பீர்கள். நீங்கள் இல்லாமல் இது இரண்டாவது மழைக்காலம்.

குடவாசல் பக்கத்து இந்தப் பள்ளிக்கு நாம் இருவரும் ஒரே ஜூன் மாதத்தில் மாற்றலாகி வந்தோம். பாடம் சமூக அறிவியல் என்று ஒன்றுதான். வரலாறு உங்களுக்கு, புவியியல் எனக்கு என்று நாமே பிரித்துக்கொண்டோம். அந்த ஐப்பசியில் பெய்த மழை விளையாட்டு மைதானத்தில் பத்து நாளுக்கு மேல் வடியாமல் நின்றது. பிரேயரை வராந்தாவில் நடத்தினோம். நான் உள்ளே காவிரி டெல்டாவைப் பலகையில் வரைந்துகொண்டிருந்தேன். அடுத்த அறையில் நீங்கள் சோழர் பாசனத்தை நடத்திக்கொண்டிருந்தீர்கள்.

மதியம் சாப்பிடும்போது சொன்னீர்கள்: “ஆறு எப்படிப் பிரியுதுன்னு நீங்க சொல்றீங்க, ராஜா எப்படி வெட்டுனாருன்னு நான் சொல்றேன். வாசல்ல தண்ணி ஏன் நிக்குதுன்னு ரெண்டு பேருமே சொல்லலையே.”

அப்படித்தான் நம் இரண்டு பீரியடும் ஒன்றாயின. ஊர்க் கோயில் சுவரில் இருந்த கல்வெட்டின் முன் பிள்ளைகளை நிறுத்தி, ஒரு நிலத்துக்கு எல்லை சொல்லும் வரியை எழுத்துக் கூட்டிப் படிக்க வைத்தீர்கள். வாய்க்காலுக்குக் கிழக்கு என்று வந்ததும், அந்தக் காலத்திலும் தண்ணீரை வைத்துத்தான் ஊரை அளந்திருக்கிறார்கள் என்றீர்கள். நான் கிராம நிர்வாக அலுவலரிடம் பழைய கிராம வரைபடத்தை வாங்கி வந்தேன். வாய்க்கால் தண்ணீரைக் கொண்டுவரும், வடிகால் மிச்சத்தைக் கொண்டுபோகும். இரண்டில் ஒன்று அடைபட்டாலும் ஊர் தாங்காது என்று விளக்கினேன். மைதானத்து ஓரத்தில் தொடங்கிய வடிகால் வரைபடத்தில் இரட்டைக் கோடாக ஓடியது. மறுநாள் அந்தக் கோட்டின் மேலேயே நடந்து பார்ப்பதென்று முடிவானது.

அன்று சாயங்காலம் கோட்டைச் சார்ட்டில் எடுத்து வரையும்போது என் கை நின்றுவிட்டது. கோடு உங்கள் தெருவுக்குள் திரும்பி, உங்கள் புது வீட்டின் பக்கச் சுவருக்கும் கார் கொட்டகைக்கும் அடியில் போனது. அந்த வீட்டுக் கிரகப்பிரவேசத்தில் சாப்பிட்டவள் நான். உங்களிடம் சொல்ல வாய் வரவில்லை.

மறுநாள் உங்கள் தெரு முனைப் பிள்ளையார் கோயில் வந்ததும், வெயில் ஏறுகிறது, இத்தோடு போதும் என்றேன். நீங்கள் என் கையிலிருந்த வரைபடத்தைப் பார்த்தீர்கள்.

“இன்னும் கோடு இருக்கே டீச்சர்” என்று முன்னால் நடந்தீர்கள்.

சார்ட்டைப் பிடித்துக்கொண்டு வந்த சங்கீதா உங்கள் கேட்டுக்கு முன்னால் நின்றுவிட்டாள். “டீச்சர், கோடு உங்க வீட்டுக்குள்ள போவுது” என்றாள். முப்பது பிள்ளைகளும் உங்கள் முகத்தையே பார்த்தார்கள். நீங்கள் கொட்டகையைப் பார்த்தீர்கள், வரைபடத்தைப் பார்த்தீர்கள், மறுபடியும் கொட்டகையைப் பார்த்தீர்கள்.

“ஆமா. எழுதிக்க. யார் வீடுன்னும் எழுது.”

திரும்பி வரும்போது என்னிடம், நேற்றே பார்த்துவிட்டீர்கள்தானே என்று கேட்டீர்கள். தலையாட்டினேன். “எனக்காகத்தான் மறைச்சீங்க, தெரியுது. ஆனா பின்னாடி பிள்ளைங்களே கண்டுபிடிச்சிருந்தா, நான் நடத்துன பாடம் பூரா பொய்யாயிருக்கும்.” அதற்குப் பிறகு இரண்டு நாள் நீங்கள் என்னோடு பேசவில்லை.

வீட்டில் நடந்ததைப் பிற்பாடுதான் சொன்னீர்கள். பத்திரம் சரியாக இருக்கிறது, விற்றவன் செய்த தப்புக்கு நாம் ஏன் இடிக்க வேண்டும் என்று உங்கள் கணவர் கேட்டிருக்கிறார். அதிலும் நியாயம் இருந்தது. பத்திரத்தைத் தண்ணீருக்குப் படிக்கத் தெரியாதே என்றிருக்கிறீர்கள் நீங்கள். ஒரு வாரம் அவர் முகம் கொடுக்கவில்லையாம். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரே கொத்தனாரைக் கூட்டி வந்தார். கொட்டகை போனது, சுவர் உள்ளே தள்ளிப் போனது.

உங்கள் சுவர் விழுந்த பிறகு அதே கோட்டின் மேல் கட்டியிருந்த பக்கத்து இரண்டு வீட்டுக்காரர்களும் தங்கள் சுவரைத் தள்ளிக் கட்டினார்கள். அடுத்த கிராம சபையில் சங்கீதா சார்ட்டை விரித்துக் கோட்டை விரலால் காட்டிப் படித்தாள். வடிகாலை மறித்து மதில் கட்டியிருந்த ரைஸ் மில்காரர் மட்டும் எழுந்து வெளியே போய்விட்டார். அவர் மதிலைத் திறந்துவிட இன்னும் இரண்டு வருஷம் ஆனது. அதற்கடுத்த ஐப்பசியில் மைதானத்துத் தண்ணீர் மூன்றாம் நாளே வடிந்துவிட்டது. பிள்ளைகளுக்கு முன்னால் நீங்கள்தான் செருப்பைக் கழற்றிவிட்டு மைதானத்தில் இறங்கினீர்கள்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். கடைத்தெருப் பக்கம் இன்னும் அடைப்பு இருக்கிறது. ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்தபோதுகூட உங்கள் உடம்பைப் பற்றி என்னைப் பேச விடாமல், இந்த வருஷம் மில் பக்கம் தூர் வாரினார்களா என்றுதான் கேட்டீர்கள். வாரிவிட்டார்கள் என்றேன். அது உண்மை. பொய்யாக இருந்தால் கண்டுபிடித்திருப்பீர்கள்.

அந்தப் பிள்ளையார் கோயிலோடு நிறுத்தப் பார்த்தவள் நான் என்பதை மறக்கவில்லை. போன வாரம் ஒன்பதாம் வகுப்பில் நிலத்தடி நீர் நடத்திக்கொண்டிருந்தேன். ஊரில் போர்வெல்கள் ஆழமாகிக்கொண்டே போவதைச் சொன்னபோது பின் பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்து, “உங்க வயல்ல எத்தனை அடி டீச்சர்?” என்று கேட்டாள். பாடத்துக்கு வருவோம் என்று முன்பெல்லாம் மழுப்பியிருப்பேன்.

எண்பது அடியில் கிடைத்த தண்ணீருக்கு இப்போது இருநூற்று நாற்பது அடி இறக்கியிருக்கிறோம் என்று சொன்னேன். ஆற்றில் தண்ணீர் வரும்வரை பொறுக்காமல் குறுவைச் சாகுபடிக்கு மோட்டார் போட்டவர்களில் நாங்களும் உண்டு என்றும் சொன்னேன். சாக்பீஸை எடுத்துப் பலகையில் முதல் வரியில் என் வீட்டையும் அதன் ஆழத்தையும் எழுதினேன். வேறு யாரிடமும் ஆழம் கேட்கவில்லை. பிள்ளைகளே ஒவ்வொருவராக எழுந்து அவரவர் வீட்டு போர்வெல் ஆழத்தைச் சொல்லத் தொடங்கினார்கள். பெல் அடித்த பிறகும் சொன்னார்கள். பலகையில் இடம் போதவில்லை, டீச்சர்.