குப்புறப் படுக்காத முதுகு

9, செவ்வாய்

காலையிலிருந்து காற்று. தங்கச் சுரங்கக் கழிவு குவிந்த சைனைடு மேட்டுப் புழுதி கொடித் துணி மேலெல்லாம். கலா எல்லாவற்றையும் மறுபடி அலசினாள், என்னைத் திட்டிக்கொண்டே. புழுதிக்கும் புருஷன்தான் காரணம்.

வாங்க வேண்டியவை: நல்லெண்ணெய், வெள்ளைத் துண்டு, அண்ணனுக்கு இருமல் மருந்து.

வெள்ளிக்கிழமை பெங்களூர் மசாஜ் நிலையத்தில் செய்முறைத் தேர்வு. தேறினால் வேலை. படித்தது எம்.காம். கம்பெனிக் கணக்குப் பிரிவில் இருபது வருடம், பிறகு வெளியே அனுப்பிவிட்டார்கள். என் நாற்காலியில் இப்போது நான் வேலை கற்றுக்கொடுத்த பயல். மறக்க மாட்டேன். நாற்பத்தொன்பது வயதில் வேறு யார் கூப்பிடுகிறார்கள்?

மாரிகுப்பம் ரயிலில் பக்கத்து லைன் வீட்டு தேவராஜ்: "இன்னா சார், உடம்பு புடிச்சி வுட கத்துக்கிறீங்களாமே? எம்.காம்ல அதுவும் ஒரு பேப்பரா?" பெட்டியே சிரித்தது.

11, வியாழன்

பயிற்சி வகுப்பில் நான் ஒருவன்தான் ஆண். பெண்கள் தங்களுக்குள் ஜோடி சேர்ந்து பழகினார்கள். நான் ஓரமாக நின்று பார்த்ததோடு சரி. வீட்டில் கலா: "அந்த எண்ணெய்க் கையோட கிட்ட வராதீங்க."

பழக முதுகு கொடுத்தது அண்ணன் மட்டும். அப்பாவின் குவார்ட்டர்ஸைத் தன் பெயருக்கு எழுதிக்கொண்ட அதே அண்ணன். அங்கேதான் நாங்களும் இருக்கிறோம், அவர் தயவில். முதுகு கொடுத்ததால் மன்னித்துவிட்டதாக அர்த்தமில்லை.

நந்திதுர்க் சுரங்கத்தில் நுரையீரல் நிறையத் தூசி வாங்கியவர். படுத்தால் மூச்சு முட்டும். தூங்குவதே உட்கார்ந்துதான். நாற்காலியில் திரும்பி உட்கார்ந்து சாய்மானத்தைக் கட்டிக்கொள்வார். நான் பின்னால் நின்று அழுத்துவேன். இன்று, "ஷிஃப்ட் முடிஞ்சி சொரங்கத்துலேர்ந்து கேஜ்ல மேல வந்தா மாதிரி கீதுடா" என்றார். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான்.

12, வெள்ளி

போச்சு.

மேஜையில் ஆள் குப்புறப் படுத்திருந்தார். தோள்பட்டை எங்கே தொடங்குகிறது என்றே கைக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது நிமிர்ந்த முதுகு. பதற்றத்தில், "சார், எழுந்து நாற்காலியில திரும்பி உட்காருங்க" என்றேன்.

நிலையத்து மேடம்: "அங்கிள், இது ஸ்பா. சலூன் இல்ல."

திங்கட்கிழமை இன்னொரு வாய்ப்பாம். அதிலும் தவறினால் அவ்வளவுதான். திரும்பும்போது பங்காருபேட்டை ஸ்டேஷனில் டீ வாங்கி, குடிக்காமல் கொட்டினேன்.

வீட்டில் அண்ணன் சட்டையைக் கழற்றிவிட்டு நாற்காலியில் தயாராக. "இன்னாடா ஆச்சி?"

"எல்லாம் உன்னாலதான். படுக்கிற முதுகு ஒண்ணு கிடைச்சிருந்தா…"

அண்ணன் சட்டையைப் போட்டுக்கொண்டார்.

14, ஞாயிறு

தூறல். கலா கோயிலுக்கு. நாளை தேர்வு. யாரிடம் போய் முதுகு கேட்பது? தேவராஜிடமா?

மதியம் உள்ளே போனால் அண்ணன் கட்டிலில் குப்புறக் கிடக்கிறார். வெற்று முதுகு.

"எழுந்திரு."

"பேச வெக்காதடா, மூச்சு போவுது. சீக்கிரம் அழுத்து."

எண்ணெய் ஊற்றினேன். தோள்பட்டை அகப்பட்டது. இடுப்புக்கு இறங்குவதற்குள் இருமல். உதடு நீலம். தூக்கி உட்காரவைத்து நெஞ்சோடு பிடித்துக்கொண்டேன். வேறென்ன செய்வதென்று தெரியவில்லை.

அடங்கியதும், "இன்னொரு தபா" என்றார்.

வேண்டாம் என்று பிடித்தேன். கையெல்லாம் எண்ணெய். வழுக்கிக்கொண்டு போய் மறுபடி குப்புறப் படுத்துவிட்டார்.